தம்பி வெட்டிய பிங் மரம்

என் தம்பி மதீசன் ஜெர்மனியின் ஹம் நகரில் கம்பித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். வேலை முடிந்தால் அவனைத் தேடவேண்டிய இடம், ரயில் பாதைக்குப் பின்னால், சங்கம் ஒன்று துண்டு துண்டாகப் பிரித்துக் குத்தகைக்கு விடும் தோட்டம். அங்கே அவன் தன் கையால் ஒட்டுக் கட்டி வளர்த்த செர்ரி மரம் ஒன்று நின்றது. கறுப்பும் சிவப்பும் கலந்த பெரிய பழம். பெயர் பிங்.

அது ஒரு மனிதரின் பெயர் என்று அவன்தான் எனக்குச் சொன்னான். ஆ பிங் என்ற சீனர், நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் ஒரிகன் மாநிலப் பழத்தோட்டம் ஒன்றில் மேற்பார்வை செய்தவர். அவர் கவனித்த கன்றுகளில் ஒன்றுக்கு முதலாளி அவருடைய பெயரையே வைத்தாராம். பிறகு குடும்பத்தைப் பார்க்கச் சீனாவுக்குப் போனார். சீனத் தொழிலாளர்கள் திரும்பி வரமுடியாதபடி அமெரிக்கா சட்டம் போட்டிருந்தது. அவர் வரவேயில்லை.

"அந்தச் சீனர்தான் மலையைக் குடைஞ்சு ரயில் பாதை போட்டவையள், அக்கா. சதுப்பு நிலத்துக்கு அணை கட்டி வயலாக்கினவையள். அவையின்ர பேரெல்லாம் எங்க கிடக்கு? இவற்ற பேராவது பழத்தில நிண்டிட்டுது."

அம்மா ஊரில் இறந்தபோது மதீசனிடம் இங்கே தற்காலிகமாகத் தங்கும் அனுமதித் தாள்தான் இருந்தது. ஊருக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள். அவன் போகவில்லை. அதைப் பற்றி அவன் பேசுவதில்லை. பிங்கைப் பற்றித்தான் பேசுவான்.

இந்த ஜனவரியில் தோட்டச் சங்கத் தலைவர் ஜூலியன் வந்தார். விதியை மீறி மரம் உயர்ந்துவிட்டது, பெப்ரவரி முடிவதற்குள் வெட்டவேண்டும் என்றார்.

"மழை பட்டால் வெடிக்கிற பழம். இந்த நாட்டுக்குச் சரிவராத மரம், மதீசன்."

"என்னையும் அப்பிடித்தான் சொன்னவை. முப்பது வருசமாச்சு."

ஜூலியன் சிரித்தார். ஆனால் விதியைத் தளர்த்தவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "மறுப்பு எழுதிக் குடடா."

"வேண்டாம் அக்கா. மரம் நிக்க ஏலாது. பிங் நிக்கலாம்."

மரத்திலிருந்து பென்சில் தடிப்பில் குச்சிகள் வெட்டினான். ஈரத்துணியில் சுற்றி என் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தான். "பக்கத்தில அப்பிள் வையாதேங்கோ. அது விடுற வாயுவில மொட்டுச் செத்துப்போகும்." பிறகு மரத்தைத் தானே அறுத்தான். அறுத்த வாளைத் துடைத்து, எண்ணெய் பூசி வைத்தான்.

ஏப்ரலில், உயரமாக வளராத வேர்க்கன்றுகளில் அந்தக் குச்சிகளை ஒட்டுக் கட்டி, வேலிக்கு வேலி கொண்டுபோய் நட இடம் கேட்டான். பக்கத்துத் தோட்டத்துக் கிறிஸ்ரியன் முறைத்தார்.

"என்ர தக்காளிக்கு வெயில் விடாத மரம். இப்ப குட்டியும் என்ர தலையிலயோ?"

"பழம் திண்டது ஆர்?"

கிறிஸ்ரியன் இரண்டு வாங்கிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். கடைசியாக ஜூலியனிடம் போனோம். தம்பி ஆ பிங்கின் கதையைச் சொன்னான். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"அவர் திரும்பவே இல்லையா?"

"இல்லை."

சங்கக் கட்டடத்துக்கு முன்னால், கொடிமரத்தின் அருகே, ஜூலியன் தானே குழி தோண்டினார். "எவ்வளவு உயரம் வரும்?" என்றார்.

"உங்கட விதிக்குள்ள நிக்கும்."

மே மாதம் போய்ப் பார்த்தேன். ஒட்டுக் கட்டிய இடத்தில் பூசிய மெழுகுக்கு மேலே இலை விரிந்திருந்தது. பக்கத்தில் தகட்டில் ஜூலியனின் கையெழுத்தில் 'ஆ பிங்' என்று முழுப்பெயர். ஒரு நாடு திரும்ப ஏற்காத மனிதர், பார்த்தேயிராத இன்னொரு நாட்டில் வேலிக்கு வேலி துளிர்த்து நின்றார். நான் என் தம்பியின் கைகளைப் பார்த்தேன். விரல் இடுக்குகளில் மெழுகு இன்னும் போகவில்லை.