துரோகி என்று சொன்ன அத்தியாயம்

லாபு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இன்று எங்கள் வாசகர் கூட்டம். மாதக்கணக்காகப் படித்துவரும் அதே பழைய குடும்ப நாவல்தான். யார் யாருக்கு என்ன முறை என்று தீர்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

இன்று படித்த அத்தியாயத்தில், கதாநாயகி தனக்கென்று பேசி வைத்திருந்த அத்தானை விட்டுவிட்டு அவன் தம்பியைக் கட்டிக்கொள்கிறாள்.

"துரோகி" என்றேன்.

என் தம்பி மனைவியும் அங்கே இருந்தாள். என் அத்தை மகள். எனக்கென்று பேசி வைத்திருந்தவள். எங்கள் இருவருக்கும் இந்த நாவல் என்றால் உயிர். கூட்டத்துக்கு வருவோம், பேசிக்கொள்ள மாட்டோம்.

இன்று பேசினாள். "மாமா, 'என்னைக் கட்டிக்கச் சம்மதமா'ன்னு அந்த அத்தான் அவள ஒரு தடவையாவது கேட்டானா?"

"முறைப்பொண்ண எதுக்குக் கேக்கணும்?"

"தம்பிக்காரன் கேட்டான்லா."

கூட்டத்தை நடத்தும் மேரி அக்கா அவசரமாக, "தேத்தண்ணி ஆறுது, எல்லாரும் வாங்கலா" என்றார்.

நான் குடிக்காமல் மோட்டாரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாவலை முதலிலிருந்து புரட்டினேன். அத்தான் அவளைக் கேட்கிற இடம் எங்குமே இல்லை. அச்சில் விட்டுப்போயிருக்க வேண்டும். உங்கள் பதிப்பில் இருந்தால் கீழே கருத்தில் பக்க எண்ணைப் போடுங்கள்.