சூளைச் சூடு என்று சொல்லிச் சொல்லியே...

எழுபதுகளின் நடுவில், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது என் வேலை. பக்கத்திலேயே சூளை. அங்கிருந்த பெண்களுக்கு வெள்ளைப்பட்டாலும், அரித்தாலும், எரிந்தாலும் ஒரே பதில்தான்: சூளைச் சூடு! ஊறவைத்த வெந்தயத்தைத் தின்று, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுவோம். நானும் அப்படித்தான்.

என் முதல் இரண்டு பிள்ளைகளும் ஏழாம் மாதமே பிறந்து, தங்கவில்லை. இரண்டாவது மூன்று நாள் இருந்தது. அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மூன்றாவது முறை முழுகாமல் இருந்தபோது, இதை விடவே மாட்டேன் என்று முடிவு கட்டினேன். அப்போதும் அதே தொந்தரவு.

ஐந்தாம் மாதம் வீட்டுக்காரரும் மாமியாரும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டரம்மா என்ன கேட்டாலும் கர்ப்பிணி வாய் திறக்கக் கூடாது, மாமியார்தான் பதில் சொல்வார். அதுதான் எங்கள் வழக்கம்.

"வேற ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் சூடு" என்று அவர் முடித்துவிட்டார்.

வாசல்வரை வந்த எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் போய், வரிசையில் அத்தனை பேர் இருக்க, "சூடு இல்லீங்கம்மா! அரிக்குது, நாத்தம் அடிக்குது. மூணு வருஷமா இப்படித்தான் இருக்குது" என்று போட்டு உடைத்தேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா சோதித்துவிட்டு, இது கிருமி, பிள்ளை முன்கூட்டியே பிறக்க இதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். வீட்டுக்காரரும் மாத்திரை சாப்பிட வேண்டும், இல்லையென்றால் திரும்ப வந்துவிடும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் குதித்தார். "எனக்கென்ன கேடு? நான் ஏன் முழுங்கணும்?"

"புள்ள உங்களுக்கும்தானே? முழுங்கற வரைக்கும் இந்த வூட்டுல உல வைக்க மாட்டேன்" என்றேன்.

ஒரு நாள் முழுக்க டீக்கடை பன்னில் காலம் தள்ளினார். மறுநாள் வழிக்கு வந்தார். ஒவ்வொரு மாத்திரையையும் என் கண்ணெதிரே விழுங்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நானும் ஒரு வேளை தவறவில்லை.

மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். அவள் அழுத அழுகையில் நானும் சேர்ந்து அழுதேன்.

முதல் இரண்டும் இதனால்தான் போயினவா என்று டாக்டரம்மாவாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான்தான். அதனால்தான் இன்றும் எந்தக் கர்ப்பிணியாவது "சூடு" என்று சொன்னால், வெட்கம் பார்க்காமல் அவள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிறேன்.