பெற்றோல் கேனும் வெயில் கிரீமும்

2025 பெப்ரவரி 18, செவ்வாய். வழக்கம்போல் தேநீர், பத்திரிகை, குளியல் எல்லாம் முடித்து, திகனவுக்குப் போகக் கண்டியில் ஹுன்னஸ்கிரிய பஸ் ஏறினேன்.

பக்கத்து இருக்கையில், ஜன்னலோரமாக, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர். முழுக்கைச் சட்டை, கையுறை, காதை மூடும் தொப்பி. குண்டசாலை வருவதற்குள் மூன்று தடவை முகத்தில் வெயில் கிரீம் பூசிவிட்டார். அவர் கால்களுக்கிடையில் ஒரு பிளாஸ்டிக் கேன் குலுங்கிக்கொண்டிருந்தது. தீப்பற்றும் பொருட்களைக் கொண்டுபோகக் கூடாது என்ற அறிவிப்பு அவர் தலைக்கு நேர் மேலே, மூன்று மொழிகளிலும்.

“கேன்ல என்னங்க?” என்றேன்.

“பெற்றோலுங்க. புல்லு வெட்டுற மெஷினுக்கு. அத விடுங்க, இந்த வெயிலுதான் பயம். கண்ணுக்குத் தெரியாத கதிரு. தோல்ல புத்துநோயே வந்துருமாம்.”

“பெற்றோலுக்குப் பயமில்லையா?”

“அதுதான் கண்ணுக்குத் தெரியுதே!”

கண்டக்டரிடம் முறையிட்டேன். அவர் கடமையுணர்ச்சியோடு குனிந்து பார்த்தார்.

“அண்ணே, வெயில் படுது. கேன் சூடாகிரும்” என்று அதை நிழலுக்கு, அதாவது என் காலடிக்கு, நகர்த்தி வைத்தார். சட்டம் காப்பாற்றப்பட்டது. திகன வரும்வரை நான் காலை அசைக்கவில்லை.

இறங்க எழுந்தபோது அந்த மனிதர் என் கையைப் பிடித்தார்.

“ஐயா, ஒங்க காதுக்குப் பின்னால ஒரு மச்சம், ஓரமெல்லாம் கலைஞ்சு கெடக்கு. டாக்டர்கிட்ட காட்டிருங்க.”

என் வீட்டில்கூட யாரும் அதைக் கவனித்ததில்லை. இவரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தோல் மருத்துவரிடம் போனேன். நடந்தே போனேன்.