அத்தை கேட்ட இடம்

எங்கள் அடுக்களையில், அரிசிப் பானைக்கு மேலே ஓர் ஆணியில், எப்போதும் ஒரு மஞ்சள் துணிப்பை தொங்கும். கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்த முதல் வாரம், குளிக்கப் போகும்போது சோப்பைக் காணோமே என்று தேடி, அந்தப் பைக்குள் கையை விட்டேன். பிரிக்காத சோப்பு ஒன்று இருந்தது. புதுச் சீப்பு, பவுடர் டப்பா, நீளநீளமாகக் கிழித்த வெள்ளைத் துணி எல்லாம் கூடவே இருந்தன. மகராசி, புதுமருமகளுக்கென்று வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்! "ஏட்டி, அத வையி! அது செத்தவங்களக் குளிப்பாட்டுத சோப்பு" என்று என் மாமியார் ஓடிவந்தார். நான் சோப்பைக் கீழே போட்டுவிட்டு அலறினேன். அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அது எழுபதுகளின் தொடக்கம். எங்கள் கிறிஸ்தவச் சபையில் எந்தப் பெண் செத்தாலும் முதலில் ஆள் வருவது எங்கள் வீட்டுக்குத்தான். குருவானவருக்குக்கூட அப்புறந்தான் சொல்லுவார்கள். அத்தையை யாரும் இந்த வேலைக்கு வைக்கவில்லை, அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. மாமா சின்ன வயதிலேயே போய்விட, இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் தையல் மிஷினை மிதித்தே ஆளாக்கியவர். உலை கொதித்துக்கொண்டிருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தண்ணீர் ஊற்றத் துணைக்கு நானும் போயிருக்கிறேன். காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுவது போலப் பிணத்திடம் பேசுவார். "கைய மடக்காத தாயி. இந்தா, முதுக மட்டும் தேய்ச்சிருதேன். வெந்நி சூடாருக்கா?" என்பார். எனக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. உடுத்த நல்ல சேலை இல்லாத வீடென்றால் தன் சேலையைக் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்.

மகள் என்றால் அத்தைக்கு உயிர். என் நாத்தனாரைச் சிவகிரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை என்று சொல்லி அவள் புருஷன் ஒருநாள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். கொஞ்ச நாளில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள். பாவி, எங்களில் ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டவர்களுக்கு மற்றவர்களோடு இடம் கிடையாது. தோட்டத்துக் கடைசியில், முள்வேலியோரம் குழி வெட்டுவார்கள். மணி அடிக்க மாட்டார்கள், குருவானவர் வர மாட்டார். மகளை அவள் அப்பா பக்கத்தில் வைக்கக் கேட்பதற்காக அத்தை சபைச் செயலாளர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானக்கா. உங்களுக்குன்னு மாத்துனா நாளைக்கு ஊரு கேக்குமுல்லா" என்றார் அவர்.

"தம்பி, ஒங்க அம்மையக் குளிப்பாட்டும்போது முதுகு பூரா புண்ணு. பெத்த புள்ள நீங்களே வாசல்லதான் நின்னிய. நான் மூக்கப் பொத்துனனாய்யா?" என்று அத்தை கேட்டார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "கமிட்டி முடிவுக்கா" என்றார். அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொண்டார்.

மகளையும் அத்தைதான் குளிப்பாட்டினார். அன்று அவருக்குப் பேச்சு வரவில்லை. தலைமுடியைச் சிக்கெடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். "போதும் அத்தை" என்று நான்தான் சீப்பைப் பிடுங்கினேன். வேலியோரம் வீட்டு ஆட்கள் மட்டும் நின்று மண்ணைப் போட்டுவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகும், ஆள் வந்து கூப்பிட்டால் அத்தை போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னும் என்ன மானத்துக்குப் போறீங்க? அவனுவ வீட்டுப் பொணத்த அவனுவளே கழுவட்டும்" என்று கத்தினேன். "செத்தவ என்ன மக்கா செஞ்சா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். தனக்கென்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னய மாமா பக்கத்துல வைக்காதிய. அங்கன, வேலியோரம், அவ பக்கத்துல வச்சிருங்க. புள்ள தனியாக் கெடக்கா." இதை மகன்களிடம் சொன்னார், என்னிடம் சொன்னார், செயலாளரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவரும் தலையை ஆட்டினாராம்.

எண்பதுகளின் கடைசியில் அத்தை போய்ச் சேர்ந்தார். நான்தான் குளிப்பாட்டினேன். வெளியே செயலாளர் என் கணவரிடம் பேசுவது காதில் விழுந்தது. தோட்டத்து வாசலுக்கு நேரே முதல் வரிசையில், குருவானவர்களை வைக்கிற இடத்தில், அத்தைக்கு இடம் கொடுக்கக் கமிட்டி தீர்மானித்திருக்கிறதாம். ஈரக் கையோடு வெளியே வந்தேன்.

"அவங்க கேட்டது அதில்லையே! ஒங்ககிட்டயும் சொன்னாங்கள்லா?"

"வேலியோரமாம்மா? இவ்வளவு ஊழியம் செஞ்சவங்கள அங்கன வச்சா ஊரு எங்களக் காறித் துப்பாதா?" என்றார் செயலாளர்.

என் கணவரையும் அவர் அண்ணனையும் பார்த்தேன். இரண்டு பேர் முகத்திலும் பெருமை. "ஏட்டி, சும்மா இரு. ஊரே சேர்ந்து மரியாத செய்யுது, அதக் கெடுக்காத" என்றார் என் கணவர். நான் விடவில்லை. பெட்டியைத் தூக்கும்போது வாசலை மறித்துக்கொண்டு, "பெத்தவள மககிட்ட கொண்டு விடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நாலு பெண்கள் என்னைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்கள். மணி வெகுநேரம் அடித்தது. அப்படியொரு கூட்டம் இதுவரை வந்ததில்லை என்றார்கள். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பிறகு தோட்டத்தில் இடம் போதாமல் போனது. பின்பக்கத்து நிலத்தை வாங்கி, முள்வேலியைப் பிடுங்கிவிட்டு, அதற்கும் அப்பால் சுவர் எழுப்பினார்கள். வேலியோரமாக இருந்தது நடுத்தோட்டமாகிவிட்டது. வருடங்கள் போக, புது நிலமும் நிறைந்துபோனது. அந்தச் சட்டம் எப்போது போனது என்று கேட்டால் இப்போது யாருக்கும் தெரியவில்லை. போன மழைக்காலத்தில் செயலாளர் தள்ளாத வயதில் காலமானார். போகாமல் இருக்க முடியுமா, போனேன். மாலையும் பாட்டுமாகப் பெட்டி முன்னால் போக, பின்னால் நடந்து போய்ப் பார்த்தால், என் நாத்தனாரின் கல்லறையை ஒட்டிக் குழி வெட்டியிருக்கிறது. "ஏன்யா, இங்கனயா?" என்று குழி வெட்டியவரிடம் கேட்டேன்.

"வேற எடம் ஏதும்மா?" என்றார் அவர். "இது ஒண்ணுதான் இத்தன வருசமா யாருக்கும் வேண்டாம்னு சும்மா கெடந்துச்சு."