படத்தின் கடைசி இருபது நிமிடம்

நீலச் சீலைத் துண்டால் வாயடைத்த ஒரு சாராயப் போத்தல். அதன் கழுத்தில் அறுந்த வலைநூல் ஒன்று இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தொங்குகிறது. மூன்று வருடங்களாக அது வெறுமையாக எங்கள் கொட்டிலின் கூரைக் கிடுகுக்குள் செருகிக் கிடக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை, எறிவதுமில்லை. இந்த மாதம் நான் மூன்று படங்கள் பார்த்தேன். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு வந்து, அபிப்பிராயம் எழுதக் கொப்பியை விரிக்கும்போது, கண் முதலில் அந்தப் போத்தலில்தான் போய் நிற்கிறது. மூன்று படங்களுக்கும் சேர்த்து இதுவரை ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறேன்.

அந்த ஒன்றரைப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். முதலாவது படம், காணிக்காகப் பிரிந்த அண்ணன் தம்பி கதை. பாட்டுகள் நன்று, ஆனால் இருவரும் பிரிவதற்குக் காட்டிய காரணம் ஒரு பிள்ளைகூட நம்பாதது. இரண்டாவதில் ஒரு வைத்தியர், தன்னைக் கைவிட்ட பெண்ணின் பிள்ளையைக் காப்பாற்றுகிறார். அறுவைச் சிகிச்சை அறைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தபோது எழுந்து வெளியே போய்விட்டேன். அது அணைந்த பிறகுதான் உள்ளே வந்தேன். மூன்றாவதில் கதாநாயகன் ஒரு மீனவன். புயலில் தனியாகத் தோணி வலித்துப்போய்த் தங்கையை மீட்கிறான். சனம் கைதட்டியது. நான் பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பினேன். அங்கே யாரோ ஒருவர் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் அத்தான் இருந்திருந்தால், "உவன் தண்டை அகப்பை மாதிரியெல்லோ பிடிக்கிறான்! காத்து அங்காலை, தோணி அணியம் இஞ்சாலை. உப்பிடி வலிச்சால் தங்கச்சியை விடு, உவனைத் தூக்கவே இன்னொரு தோணி வேணும்" என்று உரத்துச் சொல்லி, முன்னால் இருப்பவர்களிடம் ஏச்சு வாங்கியிருப்பார்.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். குருநகரில் எங்கள் இரண்டு குடும்பமும் கடலை நம்பியவை. கடலுக்குப் போகத் தடை வந்து, பிறகு ஷெல் வந்து, நாங்கள் நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்தின் மூலையில் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கியபோது, அவருக்குக் கைக்கு வேலையில்லாமற் போயிற்று. தோட்டத்தில் தண்ணீர் மாறக் கூப்பிடுவார்கள், போவார். மற்ற நேரமெல்லாம் பழைய வலையை விரித்துவைத்து, கிழியாத இடத்தையும் அவிழ்த்துத் திரும்பப் பின்னுவார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவர். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். அம்மாவும் அக்காவும் பங்கீட்டுக் கூப்பன் மட்டைக்குக் கைநாட்டு வைப்பவர்கள். எனக்குப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதவேண்டும் என்று ஒரு ஆசை. பார்க்கும் படத்தைப் பற்றியெல்லாம் எண்பது பக்கக் கொப்பியில் எழுதுவேன். "யதார்த்தம்", "பாத்திர வார்ப்பு" என்றெல்லாம் வரும். அத்தான் வலைக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, "என்னத்தையடா எழுதினனி, வாசி பாப்பம்" என்பார். வாசிப்பேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி. அந்த மனிசி அவ்வளவு நேரம் அழுதும் மூக்கு ஒழுகேல்லை எண்டதை எழுதேல்லையே?" என்று கேட்பார். அக்கா அடுப்படியிலிருந்து சிரிப்பாள். அவர் சொன்னது உண்மை. நான் எழுதியிருந்த அத்தனை சொற்களையும்விட அது சரியான விமர்சனம்.

அந்த நாட்களில் படம் காட்டியது தோட்டத்துச் சொந்தக்கார ஐயாவின் வீட்டில், வாழைக்குலை பழுக்கவைக்கும் புகை அறையில். அந்த அறைக்கு யன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் இருட்டு. மின்சாரம் இல்லாத ஊரில் ஒரு ரீவி, ஒரு வீடியோ டெக், ஒரு சின்ன ஜெனரேற்றர். சுவரெல்லாம் கரி, மூச்செல்லாம் பழ வாசனை. மூலையில் குலைகள் அடுக்கியிருக்கும். படம் முடிந்து எழும்பும்போது எங்கள் உடுப்பும் புகை மணக்கும். ரிக்கற் காசல்ல. வீட்டுக்கு அரைப் போத்தல் மண்ணெண்ணெய். வாசலில் ஐயாவின் மகள் புனலோடு நின்று வாங்கி ஊற்றுவாள். சேர்ந்த எண்ணெய் எவ்வளவோ, படமும் அவ்வளவு. எண்ணெய் முடிந்தால் படமும் நின்றுவிடும். அரைவாசியில் நின்ற படங்கள்தான் அதிகம். முடிவு தெரியாமல் எழும்பி வருவதும், கிணற்றடியில் ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சண்டை பிடிப்பதும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அக்காவுக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. முதற் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதை வீட்டில் பெறக்கூடாது, நோக் கண்டவுடன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவா என்று மருத்துவிச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெற்றோலுக்குத் தடை இருந்த அந்தக் காலத்தில் கார் என்றால் மண்ணெண்ணெயில் ஓடும் கிழட்டுக் கார்தான். பெற்றோல் நாலு துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த எண்ணெயையும் நாங்கள்தான் கொடுக்கவேண்டும். "ஆஸ்பத்திரி மட்டும் போக ரெண்டு போத்தில் வேணும்" என்று கார்க்காரர் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் விளக்கைச் சுருக்கிச் சேர்த்து, இரண்டு போத்தல்களில் நிரப்பி, அத்தான் சீலையால் அடைத்து, கழுத்தில் வலைநூலால் சுற்றிக் கட்டினார். அக்காவின் கட்டிலுக்குக் கீழே வைத்தார். "உதுதான் பிள்ளையின்ரை ரிக்கற்" என்று அம்மாவிடம் பகிடியாகச் சொன்னார்.

அன்றைய படம் நல்ல படம் என்று கேள்விப்பட்டு அத்தானோடு போயிருந்தேன். பார்த்தபோது மெய்யாகவே நல்லதாக இருந்தது. ஒரு மனிதன் செய்யாத குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். ஏன் என்று கடைசியில்தான் சொல்லப்போகிறார்கள். அந்த இடத்தில் ஜெனரேற்றர் இருமியது. ரீவியில் படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. "இன்னும் இருபது நிமிசம்தான். அரைப் போத்தில் ஆரேன் கொண்டந்தால் முடிக்கலாம்" என்றார் ஐயா. இருட்டுக்குள் ஒருவரும் அசையவில்லை. எல்லா வீட்டிலும் இருந்தது அடுத்த நாளைய விளக்குக்கான எண்ணெய். நான் எழும்பினேன். வரம்பால் ஓடினால் கொட்டில் இரண்டு நிமிடம். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி நித்திரை. அம்மா கூப்பன் கடை வரிசைக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை கூப்பன் எண்ணெய் வரும், திரும்ப நிரப்பி வைக்கலாம், பிள்ளைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இவ்வளவும் யோசித்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். யோசிக்காமல் செய்தேன் என்று எழுதினால் அது பொய்.

ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். அத்தானின் முடிச்சு எனக்கு அவிழவில்லை. புகை அறை வாசலில் கிடந்த குலை வெட்டும் கத்தியால் நூலை அறுத்தேன். அரைப் போத்தல் என்றுதான் கேட்டார்கள். ஐயாவின் மகள் முழுவதையும் ஊற்றிவிட்டாள். நான் மறிக்கவில்லை. சனம் என் முதுகில் தட்டியது. "படிச்ச பெடியன் எண்டால் உவன்தான்" என்று ஒருவர் சொன்னார். அத்தான் என் கையில் இருந்த வெறும் போத்தலைப் பார்த்தார். அந்த நீலச் சீலையை அவருக்குத் தெரியாதா? வாய் திறந்தார். "தம்பி, உது..." என்றார். அதற்குள் ஜெனரேற்றர் ஓடத் தொடங்கியது. அவர் திரும்பி ரீவியைப் பார்த்தார். அந்த இருபது நிமிடமும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தோம். என்ன பார்த்தோம்? ஒரு சரக்குக் கிட்டங்கியில் சண்டை; ஒரு கடிதம்; பிறகு எல்லோரும் வரிசையாக நின்று சிரித்தார்கள். அவ்வளவுதான் முடிவு. வெறும் போத்தலுக்குச் சீலையை அடைத்துக் கட்டிலுக்குக் கீழே பின்பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் அக்காவுக்கு நோக் கண்டது. கார் வந்தது. அம்மா குனிந்து இரண்டு போத்தல்களையும் இழுத்தார். ஒன்று பாரம், ஒன்று காற்று. "ரெண்டெண்டு சொன்னனான் எல்லோ?" என்று கார்க்காரர் கத்தினார். அத்தான், "போற மட்டும் போங்கோ அண்ணை, மாதா பாத்துக்கொள்ளுவா" என்றார். கோப்பாய் தாண்டிற்று. கல்வியங்காட்டுக்குக் கிட்ட கார் விக்கி விக்கி நின்றது. நானும் கார்க்காரரும் தள்ளினோம். அத்தான் வெறும் போத்தலோடு படலை படலையாக ஓடினார். "அம்மா, கொஞ்சம் எண்ணெய்! பிள்ளைப்பெறுக்கு அம்மா!" என்ற அவருடைய குரல் ஒவ்வொரு ஒழுங்கையிலிருந்தும் கேட்டது. கடலில் காற்றை மீறிக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. ஒரு வீட்டுக்காரி விளக்கிலிருந்ததை வடித்துக் கொடுத்தார். அது போதவில்லை. இன்னொரு வீடு. இன்னொரு வீடு. காருக்குள் அக்காவின் சத்தம் முதலில் பெரிதாக இருந்தது, பிறகு சிறிதாயிற்று. ஆஸ்பத்திரியில் அக்காவைக் காப்பாற்றினார்கள். பிள்ளை ஆண். உடம்பெல்லாம் நீலம். தாதி துணியால் மூடிக்கொண்டு, "கொஞ்சம் முந்திக் கொண்டந்திருக்கலாமே" என்றார்.

வாட்டு வாசலில் அம்மா கேட்டார்: "மற்றப் போத்தில் எண்ணெய் எங்கை போனது?" நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும், எடுத்தேன் என்றே நினைக்கிறேன். அதற்குள் அத்தான், "நான்தான் மாமி. படத்துக்குக் கொண்டுபோனனான்" என்றார். அம்மா அவர் முகத்தில் துப்பவில்லை. அதைவிட மோசமாக, அன்றிலிருந்து அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. வெளியே வந்ததும் நான் அவர் கையைப் பிடித்தேன். "விடு தம்பி. நீ படிச்சவன், உனக்கு இன்னும் கனக்க இருக்கு. நானும் இருந்து பாத்தனான் தானே" என்றார். நான் விட்டுவிட்டேன். அதுதான் என் குற்றம். போத்தலை எடுத்தது ஒரு பின்னேரத்து ஆசை. இது மூன்று வருடம்.

அன்றிலிருந்து அத்தான் படம் பார்க்கவில்லை. அக்கா எங்கள் ஒருவரோடும் தேவைக்கு மேல் கதைப்பதில்லை. அவரோடு கோபம், என்னோடு துக்கம் என்று நான் கணக்குப் பண்ணிக்கொண்டேன். இப்போது மண்ணெண்ணெய் தாராளமாக வருகிறது. புகை அறையில் காசுக்கு ரிக்கற். படங்கள் எல்லாம் முடிகின்றன. எனக்கும் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியர் வேலை. அத்தான் திங்கட்கிழமை மன்னாருக்குப் போகிறார். தமையனோடு அங்கே தொழில் செய்யப்போகிறாராம். எப்போது வருவார் என்று யாரும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. இன்று சனிக்கிழமை. இதை நான் எழுதுவது என் வீட்டில் ஒருவரும் வாசிக்க முடியாத எழுத்தில். பத்திரிகையில் வந்தாலும் அவர்கள் அதில் மரக்கறிதான் சுற்றுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த அக்கா தலை நிமிர்ந்தாள்.

"படத்தைப் பற்றியோ?"

"ஓம்."

"வாசியன்."

மூன்று வருடத்தில் அவள் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. அத்தான் பயணத்துக்காக வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தவர், வேண்டாம் என்று தலையை அசைத்தார். நான் முதல் வரியிலிருந்து தொடங்கினேன். நீலச் சீலைத் துண்டால் வாயடைத்த ஒரு சாராயப் போத்தல். வலையில் அவருடைய கை நின்றுவிட்டது. அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். கத்தியால் நூலை அறுத்தேன் என்ற இடத்தில் கொப்பியை மடியில் வைத்தேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர் ஒருநாளும் நூலை அறுக்கிறேல்லை. எவ்வளவு சிக்கெண்டாலும் இருந்து அவிழ்ப்பார். ஆஸ்பத்திரியாலை வந்தண்டைக்கே போத்திலைப் பாத்தனான். நீ சொல்லுவாய் எண்டு இருந்தனான். அவரும் சொல்லுவார் எண்டு இருந்தனான்." தடவித் தடவி ஒரு வெங்காயத்தை எடுத்தாள். "மிச்சத்தையும் வாசி."

வாசித்தேன். ஆஸ்பத்திரி, தாதி, வாட்டு வாசல், திங்கட்கிழமை. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். எழுதியது அவ்வளவுதான், கொப்பியில் அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

"முடிவை வாசியனடா" என்றாள் அக்கா.

அத்தான் வலையை விட்டு எழும்பவில்லை. சுருட்டவுமில்லை. கிடுகுக்குள் அந்த நூல் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.