பயத்தோடு அம்மா போட்ட வாக்கு

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களுக்கு, அவர் எப்படிப்பட்டவர் என்பதை மூத்த மகளாகிய நான் ஒரு சம்பவத்தைக் கொண்டாவது சொல்லியாக வேண்டும்.

அம்மா சாவகச்சேரியில் பிறந்தவர். போரில் ஷெல் குண்டு விழுந்து தங்கைக்குக் காது கேளாமல் போன பிறகு, எண்பதுகளின் நடுவில், அப்பாவும் அவரும் எங்களை லண்டனுக்குக் கூட்டிவந்தனர். மோர்டனில் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. கதவடியில் கடிதம் விழும் சத்தம் கேட்டாலே, திருப்பி அனுப்பும் கடிதமோ என்று அம்மா பயப்படுவார்.

தங்கையின் பள்ளிக்கூடத்துக்கு உள்ளூராட்சிக் கவுன்சில் ஓர் ஆசிரியையை அனுப்பிவந்தது. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள அவர்தான் தங்கையைப் பழக்கினார். சில ஆண்டுகளில், பள்ளிக்கூடம் கவுன்சிலை விட்டு விலகி அரசாங்கத்திடம் நேரே பணம் பெறலாமா என்று பெற்றோரிடம் வாக்குக் கேட்டார்கள். விலகுவதைத்தான் அரசாங்கம் விரும்பியது. விலகினால் அந்த ஆசிரியை வருவாரா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. அப்பா பயந்துபோனார்.

“எங்கட கேஸ் இன்னும் முடியேல்லை. அரசாங்கத்துக்கு எதிராப் போட்டதெண்டு தெரிஞ்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“எனக்கும் பயம்தான், இஞ்சருங்கோ,” என்றார் அம்மா. “ரீச்சர் வராட்டில் பிள்ளை ஒண்டும் விளங்காமல் வகுப்பில இருக்கும். அதை நினைக்க இன்னும் பயமாக் கிடக்கு.”

ஊரில் தேர்தல் நாட்களில் வாக்களிக்கப் போனவர்கள் தாக்கப்பட்டதை இருவரும் கண்டிருந்தார்கள். ஆனாலும் அப்பா வாக்குச்சீட்டை அம்மாவிடமே கொடுத்துவிட்டார்.

பெற்றோர் கூட்டத்துக்கு அயல்வீட்டு ஐரிஷ் பெண்மணி அம்மாவையும் என்னையும் அழைத்துச் சென்றார். அம்மா எழுந்து, தெரிந்த ஆங்கிலத்தில், “என் மகளின் ஆசிரியை வருவாரா?” என்று கேட்டார். தலைமை ஆசிரியர், “என்னால் உறுதி சொல்ல முடியாது” என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

விலக வேண்டாம் என்று வாக்குப் போட்டு அம்மா தபாலில் சேர்த்தார். அதன்பின் எங்கள் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கிக் கட்டிலின் கீழ் வைத்துக்கொண்டார். யாரும் வந்து எங்களைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. விலக வேண்டாம் என்ற பக்கமே வென்றது.

ஆனால் பின்னர் கவுன்சிலே செலவைக் குறைத்து ஆசிரியை வரும் நாட்களைப் பாதியாக்கியது. அம்மா அங்கும் போய்க் கேட்டார். ஒரு நாள் மட்டும் திரும்பக் கிடைத்தது. வதிவுரிமை கிடைத்த பிறகும் அம்மாவின் பயம் போகவில்லை. பயந்துகொண்டே போய்க் கேட்பார்.

நோய் முற்றியபோது அம்மாவின் குரல் அடங்கிவிட்டது. அவருடைய உதடுகளைப் பார்த்துத் தங்கைதான் எங்களுக்குச் சொன்னாள்: “பயமாக் கிடக்காம். கையை விடவேண்டாமாம்.” நாங்கள் விடவில்லை.

தங்கைக்குக் கற்பித்த ஆசிரியைக்கும், அயல்வீட்டு அம்மணிக்கும், அம்மாவைப் பராமரித்த தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. பயந்த நேரங்களில் அம்மாவைத் தனியே விடாதவர்கள் நீங்கள்.