பாலுக்குப் பின்னால் சுவர்

பானுப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்பது வருடமாக அவளோடு ஒரே மேசையில் நின்று வேலை பார்ப்பவள் சொல்கிறேன், நம்புங்கள். வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. பெட்டியைத் திறந்ததும் முதலில் போட்டோ, அப்புறம்தான் கையெழுத்து. கீறல் விழுந்த பாகத்தைப் படம் எடுக்காமல் உள்ளே வாங்கிவிட்டால், கீறியதே நாம்தான் என்று ஆகிவிடும். அந்த விஷயத்தில் பானு புலி.

அப்பேர்ப்பட்டவள் தனக்கென்று வாடகை வீடு பார்த்தபோது மட்டும் கோட்டை விட்டாள். ஐயப்பன்தாங்கலில் முதல் வீடு. நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். பால் பொங்குகிறது, அவள் கணவர் உதயகுமார் படம் எடுக்கிறார், எடுக்கிறார், எடுத்துக்கொண்டே இருக்கிறார். மொத்தம் இருபத்தெட்டுப் படம். அத்தனையிலும் பாத்திரம், நுரை, மஞ்சள், குங்குமம். சுவர் ஒன்றில்கூட இல்லை. பால் காய்ச்சுகிற நாளில் ஓட்டை உடைசலையா படம் எடுப்பார்கள் என்று மாமியார் வேறு அதட்டியிருக்கிறார். மூன்று வருடம் கழித்துக் காலி செய்தபோது, உடைந்த குளியலறை டைல்ஸும் பிளந்த ஜன்னல் கதவும் இவர்கள் தலையில் விழுந்தன. அட்வான்ஸில் பாதி போயே போய்விட்டது. அவள் அழவில்லை.

"கம்பெனில ஆணிக்குக்கூட போட்டோ புட்ச்சிகினு, நம்ப ஊட்டுக்கு நொரைய புட்ச்சி வச்சிகினு கீறேன் பாரு. என்னிய எத்தால அடிக்கிறது?" என்றாள்.

கரையான்சாவடி வீட்டுக்கு வந்தபோது ஆளே வேறு. வீட்டுக்காரர் ரவிச்சந்திரன் மாடியில் இருந்தார். சாமான் இறங்குவதற்கு முன்பே காலி வீட்டை அறை அறையாகப் படம் எடுத்தாள். குழாய், சுவிட்ச், தாழ்ப்பாள், படுக்கையறைச் சுவரில் இருந்த ஓதம், ஒன்றையும் விடவில்லை. பால் காய்ச்சும்போது உதயகுமாரின் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள்.

"யோவ், மூணு அடி பின்னால போ. பாலு மட்டும் போதாது, செவுரும் வுழணும்."

வீட்டுக்காரம்மா சாவித்திரி பட்டுப் புடவையில் இறங்கிவந்து முதல் டம்ளர் பாலை வாங்கிக்கொண்டார். அவரைச் சமையல் மேடையோரம் நிற்கவைத்தும் ஒரு படம். அன்று நானும் அங்கே இருந்தேன்.

நான்கு வருடம் ஓடியது. உதயகுமாருக்கு ஆவடியில் வேலை கிடைத்தது, அங்கேயே ஒரு வீடும் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். கரையான்சாவடி அட்வான்ஸ் திரும்பி வந்தால்தான் இவள் அங்கே கொடுக்க முடியும். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம், அதற்கு அவள் தயார்தான். அதற்கு மேல் ஒரு பைசா குறைந்தாலும் ஆவடி வீடு கிடையாது. சனிக்கிழமை காலை, "நீயும் கூட வாடி" என்று என்னை அழைத்துப்போனாள்.

ரவிச்சந்திரன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சமையலறையில் நின்றுவிட்டார்.

"மேடைக் கல்லு விரிசல் விட்டிருக்கே! எதையோ போட்டு இடிச்சிருக்கீங்க. பெட்ரூம் சுவர்ல வேற ஈரம். எல்லாத்தையும் மாத்தணும். பாதிதான் தர முடியும்மா."

பானு போனை எடுத்து, வந்த அன்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். மனுஷன் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"கல்லுன்னா எல்லாக் கல்லும் ஒண்ணுதான். இது எந்த வீட்டுக் கல்லோ! போன்ல தேதியெல்லாம் மாத்திக்கலாம்னு என் பையன் சொல்லியிருக்கான்."

அடப்பாவி! எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பானு என் கையை அழுத்திப் பிடித்தாள். அவள் குரல் இறங்கியது.

"சரி சார். அம்மா மேல கீறாங்களா? கொஞ்சம் கூப்புடுங்க."

சாவித்திரி வந்தார். பானு பால் காய்ச்சிய அன்று எடுத்த படத்தைத் திறந்து போனை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"அட, என் மாம்பழக் கலர் பட்டு! எவ்ளோ லட்சணமா விழுந்திருக்கு!" அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. புடவைக் கரையைப் பார்க்க இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கரை பெரிதாயிற்று, அவர் முழங்கை பெரிதாயிற்று, முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த விரிசலும் பெரிதாயிற்று.

"ஏங்க, இந்தக் கல்ல மாத்துங்கன்னு பழைய ஆளுங்க இருந்தப்பவே தலையால அடிச்சுக்கிட்டேனே, இன்னுமா மாத்தல? பெட்ரூம் ஈரமும் நம்ம பாத்ரூம்லேர்ந்துதானே இறங்குது?"

ரவிச்சந்திரன் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்க்காமலே, பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை போக மீதி முழுவதையும் சாயங்காலம் பேங்கில் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

"இந்தப் போட்டோவ எனக்கு அனுப்பும்மா" என்றார் சாவித்திரி.

"துட்டு வந்ததும் அனுப்பறேன்மா" என்றாள் பானு.

ஏழு மணிக்குள் பணம் வந்தது, ஏழே காலுக்குப் படம் போனது. தெருமுனையில் நின்று அவள் சிரித்த சிரிப்பை ஒன்பது வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் ஆவடி வீட்டில் பால் காய்ச்சினார்கள். புது வீட்டுக்காரர் பார்த்தசாரதி டம்ளரை வாங்கிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உதயகுமார், யாரும் சொல்லாமலே மூன்று அடி பின்னால் போய் நின்றார்.

"அங்க வேணாம் சார்" என்றாள் பானு, தேனாக. "இப்டி வந்து, அந்த ஒடைஞ்ச ஜன்னலாண்ட நில்லுங்க. அங்கதான் வெளிச்சம் நல்லா கீது."